கூரையைத் தொடாத சுவர்

குளியல் வீட்டுத் தொட்டியில் வெந்நீர் கழுத்துவரை ஏறி நின்றது. தேன்மொழி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள், காதை மட்டும் தீட்டி வைத்திருந்தாள். கூப்பிடுவார். இதோ இப்போது கூப்பிடுவார். ஆண்கள் குளிக்கிற பக்கத்துக்கும் பெண்கள் குளிக்கிற பக்கத்துக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான், அதுவும் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிட்ட சுவர். அதற்கு மேலே ஆவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கலந்து போய்க்கொண்டிருந்தது. அங்கே யாரோ தொண்டையைச் செருமினால் இங்கே கேட்கிறது, மரவாளியைக் கீழே வைத்தால் கேட்கிறது, அவர் கூப்பிட்டால் கேட்காதா என்ன. காலையில் அவரேதானே சொன்னார். அவளிடம் சொல்லவில்லை, போனிடம் சொன்னார். போனைப் பிடித்திருந்தது அவள் கை, அதனால் அவளுக்கும் கேட்டது. "மக்களே, ஜப்பானுக்கு வந்தா இந்த வெந்நீர் ஊற்றுக் குளியலை மட்டும் விட்றாதீங்க. ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி. ஆனா பழைய குளியல் வீடுங்கள்ல நடுச்சுவரு மேல திறந்துதான் கிடக்கும். புருஷன் குளிச்சு முடிச்சதும் அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு குரல் கொடுப்பாரு, நான் கிளம்பறேன்னு. பொஞ்சாதி இங்கேர்ந்து பதில் கொடுப்பா. ரெண்டு பேரும் ஒண்ணா வெளியில வந்து, ஒண்ணா நடந்து வீட்டுக்குப் போவாங்க. என்னா ஒரு பழக்கம் பாருங்க! நீங்களும் பண்ணிப் பாருங்க மக்களே. நானும் என் தேனுவும் இன்னிக்குப் பண்ணப் போறோம்." தேனு. அந்தப் பேரைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. அவள் கையில் போன் லேசாக ஆடிவிட்டது. "ஆட்டாத" என்றார் உடனே, வேறு குரலில்.

இளங்கோவன் சாருக்கு ஈபி ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பிடித்த பைத்தியம் இந்தப் பயண வீடியோ. சேனலுக்கு 'இளங்கோ கிளம்பிட்டான்' என்று பேர். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் தஞ்சாவூர்க் கடைத்தெருவில் முன்பின் தெரியாதவன்கூட நிறுத்தி "சார், அடுத்து எங்க கிளம்பறீங்க?" என்று கேட்கிறான், அவருக்குத் தலைகால் புரியாது. ஆள் பேச்சில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே கிடையாது. ஜப்பானில் இறங்கினதிலிருந்து வாய் ஓயவில்லை. செருப்பை வாசலில் கழற்றி, முனை வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி வையுங்க மக்களே. ரயிலில் சத்தமாகப் போன் பேசாதீங்க மக்களே. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீங்க, அது இங்கே செத்தவங்களுக்குப் படைக்கிற முறை. நூடுல்ஸை உறிஞ்சி சத்தம் போட்டே சாப்பிடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. விடுதியில் கொடுக்கிற யுகாத்தா அங்கியைக் கட்டும்போது இடது மடிப்பு மேலே வரணும், வலது மேலே வந்தா அது பிணத்துக்கு உடுத்துறது, ஜாக்கிரதை. எல்லாம் சரிதான். கியோட்டோவிலிருந்து ரயிலேறி இந்த மலையடிவார ஊருக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு அவள் அந்த அங்கியை மாற்றித்தான் கட்டிவிட்டாள். ஆயுசெல்லாம் புடவை கட்டின கை, வலமிருந்து இடமாகத்தான் போவேன் என்கிறது, அதை என்ன செய்ய. அவர் அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தபடியே விரலை நீட்டி "மாத்திக் கட்டு, மாத்திக் கட்டு" என்றார். எழுந்து வந்து இரண்டு மடிப்பை மாற்றிப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வந்த விடுதிப் பெண்தான் பதறிப்போனாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, இடுப்புக் கச்சையை அவிழ்த்து, மடிப்பை மாற்றி, இறுக்கிக் கட்டி, இனி உனக்கு ஒன்றும் ஆகாது என்பதுபோல முதுகில் தட்டிக் கொடுத்தாள். உள்ளே பஞ்சு வைத்த பாடி போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. அந்தப் பெண் தட்டின இடம் ரொம்ப நேரம் சூடாகவே இருந்தது. அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது, ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர ஒரு மனுஷ ஜீவன் தன்னைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டதென்று.

இன்னும் கூப்பிடவில்லை. அவருக்குக் குளிக்க நேரம் பிடிக்கும், வீட்டிலும் அப்படித்தான், சோப்பை நுரை பொங்கத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிற ஆள். இங்கே தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். பிறந்த மேனியாக இறங்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார், சிரித்துக்கொண்டே சொன்னார், "வெக்கத்தை வாசல்லயே கழட்டி வச்சிருங்க மக்களே." போனைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என்ன செய்தாள், உடை மாற்றுகிற அறையில் ஊரிலிருந்து கொண்டுவந்த உள்பாவாடையை மாருக்கு மேலே ஏற்றி முடிந்துகொண்டு, திருவையாற்றுப் படித்துறையில் இறங்குகிறவள் மாதிரி, கால்விரலை ஊன்றி ஊன்றி உள்ளே வந்துவிட்டாள். உள்ளே ஒரே ஒருத்திதான். அவள் வயசுதான் இருக்கும், நல்ல கனத்த உடம்பு, தலையில் சின்னத் துண்டை மடித்து வைத்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். பாவாடையைப் பார்த்ததும் அவள் கண் பெரிசாகிவிட்டது. பிறகு ஒரு சிரிப்பு. கையைக் குறுக்கே ஆட்டி, துணி தண்ணீருக்குள் வரக்கூடாது என்று காட்டினாள். பத்தாயிரம் பிள்ளைகளை மிரட்டி மேய்த்த தேன்மொழி டீச்சர் முடிச்சைப் பிடித்தபடி பேய் முழி முழித்துக்கொண்டு நின்றாள். ஓடிவிடலாமா. ஓடினால் அப்புறம் அவர் வெளியே வந்து என்னாச்சு என்பார், இல்லை, வீடியோ எடுக்கலாமா என்பார். சரி போ என்று முடிச்சை விட்டுவிட்டாள். பாவாடை காலடியில் சுருண்டு விழுந்தது. இடது பக்கம் ஒன்றும் இல்லை. அக்குளிலிருந்து நடு நெஞ்சுவரை ஒரு தையல் கோடு, அவ்வளவுதான். கனத்த பெண் பார்த்தாள். சுவரோரம் சாய்த்து வைத்த குடையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள், பார்த்துவிட்டு, தண்ணீரைக் காட்டி, வாயைக் குவித்து ஊதி, ரொம்பச் சூடு, மெள்ள இறங்கு என்று ஜாடை செய்தாள். அடிப்பாவி, அவ்வளவுதானா. இதற்கா நான் இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்று நினைத்தபடி டீச்சர் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீரை மொண்டு மேலே ஊற்றிக்கொண்டாள். வழிப்போக்கில் பார்த்தவளுக்கு இது ஒன்றுமே இல்லை. அவருக்கு மட்டும் ஏன்.

அவர் ஒரு தடவை பார்த்திருக்கிறார். ஒரே தடவை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிது, கட்டுப் பிரித்து மருந்து வைக்கிற நர்ஸ் அன்றைக்கு வரவில்லை. "நான் வைக்கிறேன், இது என்ன பெரிய வேலை" என்று அவரேதான் உட்கார்ந்தார். மெதுவாகத்தான் பிரித்தார், வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக் கேட்டுப் பிரித்தார். கடைசிப் பஞ்சு வந்தது. அவர் கை நின்றது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு "கையைக் கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போனார். ஃபேன் காற்றில் திறந்து போட்டபடி அவள் காத்துக்கொண்டிருந்தாள். கை கழுவ இவ்வளவு நேரமா என்று முதலில் நினைத்தாள், அப்புறம் வாசலில் அவர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது, "நர்ஸம்மாவை இனிமே தினமும் கண்டிப்பா வரச் சொல்லிடுங்க." அன்றைக்கு ஹாலுக்குப் போன படுக்கை திரும்பி வரவில்லை. முதுகு வலி என்றார், ஏசி ஒத்துக்கவில்லை என்றார், குறட்டை விடுகிறேன் உனக்குத் தூக்கம் கெடும் என்றார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியுமா? ஆஸ்பத்திரிக்கு நாயாக அலைந்தார், கஞ்சி வைத்துக் கொடுத்தார், முடி கொட்டினபோது நல்ல பட்டு ஸ்கார்ஃபாகத் தேடி வாங்கி வந்தார். எல்லாம் செய்தார். பார்க்க மட்டும் மாட்டார். முன்பெல்லாம் வீடியோவில் அவளும் வருவாள், இட்லியைக் காட்டுவாள், கோயில் கதை சொல்லுவாள், டீச்சரம்மா சூப்பர் என்று எழுதுவார்கள். அப்புறம், "நீ எடு, உனக்குக் கை நல்லா நிக்குது" என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டார். அவளும் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டாள். எவ்வளவு மக்கு. போன் அவள் கையில் இருக்கிறவரை அவர் பார்க்க வேண்டியது போனைத்தான், அவளை இல்லை என்பது புரியவே பல ஊர் ஆயிற்று.

இந்த ஊரில் அவளுக்கு ஒரு நப்பாசை வந்துவிட்டது. விடுதிக்காரர்கள் பாய்த்தரையில் இரண்டு மெத்தையை ஒட்டி ஒட்டிப் போட்டு, போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். புருஷன் பெண்டாட்டி என்றால் அப்படித்தான் போடுவார்களாம். நேற்று அவர் தன் மெத்தையை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டார், அங்கேதான் காற்று வருகிறதாம். இழுக்கும்போது பாய் சரசரத்தது, அந்தச் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. காலையில் அவர் தேனு என்றதும், அவள் மனசுக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டாள், பரீட்சை ஹாலில் பிள்ளைகள் சாமியிடம் பேரம் பேசுவார்களே, அந்த மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கூப்பிட்டால், போன் இல்லாத இடத்தில், எடுக்க ஆள் இல்லாத இடத்தில், தேனு என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும். இன்றைக்கு இரண்டு மெத்தையும் ஒட்டினபடியே கிடக்கும். விளக்கை அணைக்க விடமாட்டாள். பாருங்க, இதுதான், இவ்வளவுதான், கடிக்காது, கை வையுங்க என்று சொல்லிவிடுவாள். அழுதாலும் பரவாயில்லை, அவரும் அழட்டும். கூப்பிடாவிட்டால்? கூப்பிடாவிட்டால் இனிமேல் காத்திருப்பதில்லை. அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. கூப்பிடுவார். உள்ளே போகிறதுக்கு முன்னால் வாசல் திரைச்சீலை பக்கத்தில் நின்று அவளைக்கூட ஒரு பார்வை பார்த்தாரே. பார்த்தாரா, இல்லை அவள் தலைக்கு மேலே தொங்கின போர்டைப் பார்த்தாரா?

"ஓய்!" அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல். டீச்சர் பாதி எழுந்தேவிட்டாள். அவர் குரல் இல்லை. கரகரத்த, தடித்த குரல், கூடவே இரண்டு வார்த்தை. கனத்த பெண் தலையை நிமிர்த்தி, சுவரைப் பார்த்து, "ஹாய்!" என்று அந்த ஊர் 'சரி'யை இழுத்துப் பதில் கொடுத்தாள். அலட்சியமாகத்தான் கொடுத்தாள், அடுப்படியிலிருந்து வரேன் வரேன் என்று சொல்லுகிற மாதிரி. ஆசையும் இல்லை, கொஞ்சலும் இல்லை. ஆண்டாண்டாகக் கூப்பிட்டு ஆண்டாண்டாகப் பதில் கொடுத்த சலிப்பு அதில் இருந்தது. அந்தச் சலிப்பைக் கேட்டு டீச்சருக்குப் பொறாமை பொங்கிக்கொண்டு வந்தது. தனக்கும் இருந்ததுதானே. தெற்கு வீதி மாடி வீட்டில் குடியிருந்த காலத்தில் அவர் சைக்கிளை நிறுத்தும்போதே கீழேயிருந்து "தேனூ" என்று ஒரு சத்தம் வரும், தெருவே திரும்பிப் பார்க்கும். செருப்பைக் கழற்றுகிறதுக்குள் அவள் பதில் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு சத்தம் இன்னும் பெரிசாக வரும். கீழ் வீட்டு மாமி "உங்காத்துக்காரர் கூப்பிடறது மணிக்கூண்டு வரைக்கும் கேட்கறதுடி" என்று கேலி பண்ணுவாள். அவளுக்கு வெட்கமாக இருக்கும், எரிச்சலாகக்கூட இருக்கும், ஏன் இப்படிக் கத்தறீங்க, நான் என்ன செவிடா என்று சண்டை போட்டிருக்கிறாள். சண்டை போட்டாளே, பாவி. கனத்த பெண் தண்ணீரிலிருந்து எழுந்தாள், டீச்சருக்கு ஒரு சின்னக் கும்பிடு போட்டாள், கதவை இழுத்துவிட்டுப் போனாள். கொஞ்சம் பொறுத்து வெளியே தெருவில் இரண்டு ஜோடி மரச்செருப்புச் சத்தம் சேர்ந்து போய்த் தேய்ந்தது.

இப்போது தொட்டியில் அவள் மட்டும். சூடு ஏறிக்கொண்டே போனது. ரொம்ப நேரம் ஊறக்கூடாது, மயக்கம் வரும், வயசானவங்க ஜாக்கிரதை மக்களே. அதுவும் அவர் சொன்னதுதான். காதுக்குள் இரத்தம் டொக்டொக்கென்று அடித்தது, அந்தச் சத்தத்தில் அவர் குரல் வந்து அடிபட்டுப் போயிருக்குமோ? மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். குழாய் சொட்டுகிறது. அந்தப் பக்கம் யாரோ தண்ணீரில் நகருகிறார்கள். அது அவர்தானா? அவராகத்தான் இருக்கும். கூப்பிட வெட்கப்படுகிறாரோ, ஆம்பளைக்கும் வெட்கம் இருக்கும்தானே, அதுவும் அம்மணமாக நின்றுகொண்டு. இங்கேயே மயங்கி விழுந்து செத்துப்போனால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. தூக்குகிறவர்கள் தூக்குவார்கள், அந்த அங்கியை வலது மேலே வரக் கட்டுவார்கள், அப்போது சரியாக இருக்கும். சீ, என்ன புத்தி இது. அந்த நோயையே தின்று செரித்துவிட்டு வந்தவள் வெந்நீரில் சாவதா. மறுபடியும் வருமோ என்ற பயம் எப்போதும் இடது அக்குளுக்குள் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது, தினமும் குளிக்கும்போது விரல் தானாக அங்கே போய்த் தடவிப் பார்க்கும். இப்போதும் போயிற்று. ஒன்றும் இல்லை. வந்தால்கூட, வரட்டுமே, அதைவிட இந்தக் காத்திருப்புதான் ஆளைத் தின்கிறது என்று தோன்றியது. ஏன் அவர்தான் கூப்பிட வேண்டும்? அவள் கூப்பிட்டால் சுவர் இடிந்து விழுந்துவிடுமா? ஒருவேளை அவரும் அந்தப் பக்கம் இதே மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு, அவள் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தால்? அப்படி நினைத்ததும் ஒரு நிமிஷம் உடம்பே லேசாகிவிட்டது.

"என்னங்க" என்றாள். தனக்கே கேட்கவில்லை. "என்னங்க!" இந்தத் தடவை சுவரில் பட்டு, கூரையில் பட்டு, ஆவிக்குள் போய்ச் சேர்ந்தது. பதில் இல்லை. ஜப்பானில் வந்து என்னங்க என்றால் யாருக்குத் தெரியும், யார் வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முப்பது வருஷத்தில் அந்தப் பேரை ரேஷன் கடையில் சொல்லியிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாள், அவரைப் பார்த்துச் சொன்னது கிடையாது. எழுந்து நின்றாள். தண்ணீர் வயிறுவரை இறங்கியது, தையல் கோடு குளிர் காற்றில் சிலிர்த்தது. வருகைப் பதிவு எடுக்கிற குரல் எங்கேயோ அடித் தொண்டையில் பத்திரமாக இருந்தது, அந்தக் குரலை எடுத்தாள். "இளங்கோவன்!" சொல்லிவிட்டுக் காத்திருந்தாள், கடைசி பெஞ்சிலிருந்து உள்ளேன் டீச்சர் என்று வருகிறவரை பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாளே, அப்படி. அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு ஒரு குரல், சின்ன வயசுக் குரல், ரொம்ப மரியாதையாக, தயங்கித் தயங்கி என்னமோ சொன்னது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் இங்கே அப்படி யாரும் இல்லைங்க, மன்னிச்சுக்குங்க என்பதை உலகத்தில் எந்தப் பாஷையில் சொன்னாலும் இந்தத் தொனியில்தானே சொல்ல முடியும். "சரிங்க" என்றாள் டீச்சர் சுவரைப் பார்த்து. "சரிங்க தம்பி."

உடம்பைத் துடைத்தாள். பாவாடையைப் பிழிந்து பையில் போட்டாள். கண்ணாடி முன்னால் நின்று அங்கியைப் போட்டு, கை வலது மடிப்பைத் தூக்கப் போனதும் நிறுத்தி, இடதை மேலே கொண்டுவந்து, உயிரோடு இருக்கிறவள் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினாள். முன்கூடத்தில் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் முதலில் பார்த்தது அவர் தலையைத்தான். காய்ந்து, வகிடெடுத்து, படிய வாரியிருந்தது. எப்பவோ வெளியே வந்துவிட்டார். பக்கத்தில் இரண்டு கண்ணாடி பாட்டில் பால். "வந்துட்டியா, இந்தா பிடி. குளிச்சிட்டுப் பால் குடிக்கிற சீன் ஒண்ணுதான் பாக்கி, ஆளு வர்றதுக்குள்ள எடுத்துரணும்" என்றார். "கூப்பிடறேன்னீங்களே" என்றாள் அவள். "எங்க? ஓ, அதுவா. அட, உள்ள நாலு பேரு இருக்காங்க, அவங்க முன்னாடி காட்டுக் கத்தலாக் கத்தச் சொல்றியா? எடு, எடு." அவள் போனை வாங்கிக்கொண்டாள். அவர் பாட்டில் மூடியைத் திறந்து, அங்கியைச் சரிபண்ணி, முகத்தில் அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்தார். "மக்களே! இப்பத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா வெளியில வர்றோம். நான் அங்கேர்ந்து தேனூன்னு ஒரு குரல் கொடுத்தேன் பாருங்க, என் வீட்டம்மா இந்தப் பக்கத்துலேர்ந்து, இதோ வந்துட்டேங்கன்னு பதில் கொடுத்தாங்க. அந்த நிமிஷம் இருக்கே, எங்க தெற்கு வீதி மாடி வீட்டுக்கே போயிட்டேன் மக்களே. பொண்டாட்டியக் கூட்டிட்டு வாங்க. கண்டிப்பா வாங்க. காலம் போனா வராது." கடைசி வார்த்தையில் அவர் குரல் கம்மியது, கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அதுதான் கொடுமை. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த மாடி வீடு, அந்தக் கூப்பாடு, எல்லாம் இருக்கிறது, எல்லாவற்றையும் போனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஈரக் கண் போனையே பார்த்துக்கொண்டிருந்தது. போனுக்கு ஒரு சாண் தள்ளி அவள் முகம் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் நின்றும் தான் இல்லாமல் போய்விட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் கை ஆடவில்லை.

"நல்லா வந்திருக்கா?" என்றார். "வந்திருக்கு." "ஆட்டலையே?" "இல்லீங்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது பாட்டிலை அவர் அவள் பக்கம் நகர்த்தினார், அவளுக்கென்று வாங்கினதுதான், அதிலெல்லாம் குறை வைக்க மாட்டார். குடித்தாள். ஜில்லென்று, நன்றாகத்தான் இருந்தது. "இன்னிக்கு ஜன்னல் பக்கம் நான் படுத்துக்கறேன், நீங்க கதவுப் பக்கம் படுத்துக்குங்க" என்றாள். அவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்து போனது, அதையும் பார்த்துவிட்டாள். "அதுவும் சரிதான், உனக்கும் காத்து வேணும்ல" என்று எழுந்தார். வெளியே இருட்டத் தொடங்கவில்லை, கால்வாயோரம் விளக்குகளை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மரச்செருப்பு டக்டக்கென்று முன்னால் போக, போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தத் தெருவில் சாயங்காலம் கண்டிப்பாக நடக்க வேண்டும் மக்களே என்று பேசிக்கொண்டே பாலத்தைத் தாண்டினார். அவள் செருப்பின் வார் விரலிடுக்கில் கடித்தது. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைத் தளர்த்தினாள். நிமிர்ந்தபோது அவர் தெருக்கோடியில் திரும்புகிற இடத்துக்குப் போயிருந்தார், பேச்சு இன்னும் கேட்டது, பக்கத்தில் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒரு குரல் கொடுத்தால் நின்றுவிடுவார். அவள் கூப்பிடவில்லை.